மலையில்லாத ஊரில மவுண்டன் சைக்கிள்

ஒட்டுசுட்டான்
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான் ரவி,

எப்பிடிடா இருக்கிறாய், மனுசி பிள்ளையள் சுகமோ. போன கிழமை வொயிஸ் மெசேஜில "இருக்கிறியோ செத்திட்டியோ" எண்டு கேட்டாய், இருக்கிறன்டா. போனில தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை, கையும் எந்நேரமும் கிறீஸ், அதால மகளின்ர லப்டொப்பில ஆறுதலா இருந்து எழுதுறன், எழுத்துப்பிழை கிடந்தால் நீயே திருத்தி வாசி, பள்ளிக்கூடத்தில என்ர கொப்பியைப் பாத்து எழுதினவன்தானே நீ.

முதல்ல உன்ர காணி விசயம். வேலி நிக்குது, கிணறு இறைச்சு விட்டிருக்கு, நீ வைக்கச் சொன்ன தென்னம்பிள்ளை 12ல இப்ப 3தான் மிச்சம், மற்றதெல்லாம் ஆனை பிடுங்கித் திண்டிட்டுது. இனி தென்னை வேண்டாம், மாரி தொடங்க வேற ஏதும் பாப்பம். அம்மாக்கு முழங்கால் நோ அப்பிடியேதான், ஆனால் வாய்க்கு ஒரு நோவும் இல்லை. மகள் வாற வருசம் ஏ.எல் எடுக்கிறாள்.

இப்ப விசயத்துக்கு வாறன். உன்ர மூத்தவன் காட்டுக்குள்ள சைக்கிள் ஓடுற வீடியோ எல்லாம் மகளுக்கு அனுப்புறவனெல்லோ, அது மகளின்ர போனில இருந்து ஊர்ப்பொடியள் முழுப்பேரின்ர போனுக்கும் போட்டுது. கனடாவில விஸ்லர் எண்ட மலையில வருசாவருசம் நடக்கிற கிராங்க்வேர்க்ஸ் திருவிழா, சைக்கிளைத் தொங்குகதிரையில ஏத்தி மேல கொண்டுபோய் விட, பேந்து அங்க இருந்து பறந்து பறந்து கீழ வாறாங்களே, அதை சனசமூக நிலையத்துப் பொடியள் இரவிரவா பாத்திட்டு, நாங்களும் மவுண்டன் பைக் திருவிழா ஒண்டு வைப்பம் எண்டு வெளிக்கிட்டாங்கள். கூட்டத்தில ஒரு பெரியவர் எழும்பி "அது சரி தம்பியவை, மவுண்டனுக்கு எங்க போறது" எண்டு கேக்க சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சனான், பொய் சொல்லக்கூடாது.

ஒரு பொடியன்தான் மறுமொழி சொன்னான். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில மவுண்டன் பைக் ஓட்டம் நடந்தது எலான்கூர் எண்ட மேட்டிலயாம், அது முந்தி கல்லு வெட்டின கிடங்காம், பிறகு கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டிக் கொட்டி எழும்பின மேடாம், 231 மீற்றர்தானாம், பரிஸைச் சுத்தி இருக்கிற பக்கத்துக்கே அதுதான் உயரமாம். "கொட்டின மண்ணில ஒலிம்பிக் ஓடலாமெண்டால் எங்கட குளக்கட்டும் கொட்டின மண்தானே" எண்டான். பெரியவர் பேசாமல் இருந்திட்டார். எனக்கு அந்தக் கதை நல்லாப் பிடிச்சுது மச்சான், அதிலயே நானும் விழுந்திட்டன், சைக்கிள் பாக்கிற பொறுப்பை என்ர தலையில கட்டிட்டாங்கள்.

இவ்வளவு கியர்ச் சைக்கிள் ஊருக்குள்ள எங்கால வந்ததெண்டு நினைப்பாய். 2022ல பெற்றோல் இல்லாமல் சனம் பெற்றோல் செட்டில நாள்க்கணக்கா வரிசையில கிடந்ததே, அப்ப வந்ததுகள். மோட்டச்சைக்கிளை உருட்டிக்கொண்டு திரிஞ்ச ஆக்கள் எல்லாரும் பரணில கிடந்த சைக்கிளை இறக்கிச்சினம், காசிருந்தவை புதுசா கியர்ச் சைக்கிள் எடுத்திச்சினம், இழுத்து மூடுவம் எண்டு நினைச்ச என்ர சைக்கிள் கடை அந்த ஆறேழு மாதம் கலியாண வீடு மாதிரி. பேந்து பெற்றோல் வர எல்லாம் திரும்பத் தாவாரத்துக்குப் போட்டுது. அந்தத் தாவாரத்துச் சைக்கிளுகளைத்தான் பொடியள் தூசு தட்டி எடுத்தவங்கள்.

அதுகளைப் பற்றி என்ர அபிப்பிராயம் கேட்டால், நடுவில ஸ்பிரிங் வைச்ச சைக்கிள் கண்ணுக்குத்தான் வடிவு. நீ உழக்கிற பலத்தில பாதியை ஸ்பிரிங் தின்னும், பாரம் வேற, குளக்கட்டு ஏற்றத்தில அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு நிக்கும். உன்ர மகன் ஓடுறது வேற சாமான், அதின்ர விலைக்கு இங்க லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வாங்கலாம். ஒரு பொடியன் தாத்தாவின்ர பழைய லுமாலாச் சைக்கிள்ல கரியர், மட்காட், செயின் கவர் எல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு வந்தவன், அவனைப் பாத்துச் சிரிச்சவங்கள் முதல் சுத்து முடிய வாயைப் பொத்திக்கொண்டாங்கள்.

உன்ர மகன் எனக்கு ஒரு கதை சொன்னவன், உனக்குச் சொன்னவனோ தெரியாது. இந்த மவுண்டன் பைக்கே தொடங்கினது இப்பிடித்தானாம், 1976ல கலிபோர்னியாவில கொஞ்சப் பொடியள் தேப்பன்மார் காலத்துப் பாரச் சைக்கிள்களை எடுத்து மலைப்பாதையால இறக்கினவங்களாம். பின்னுக்கு உழக்கினால் பிடிக்கிற பிறேக், ஒருக்கா இறங்கி முடிய ஹப்புக்குள்ள இருக்கிற கிறீஸ் எல்லாம் எரிஞ்சு புகையாப் போயிடுமாம், திரும்பக் கழட்டிக் கிறீஸ் அடைச்சால்தான் அடுத்த ஓட்டமாம், அதாலதான் அந்த ஓட்டத்துக்கே றீபாக், அதாவது திரும்ப அடைக்கிறது, எண்டு பேராம். எங்கட ஆக்களடா அவங்கள். இருபது வருசத்தில, 1996 அட்லாண்டாவில, அதை ஒலிம்பிக்கிலயும் சேத்திட்டாங்களாம்.

பாதையைச் சொல்லுறன், உனக்குக் கண்ணுக்குள்ள நிக்கும். முத்தையன்கட்டுக் குளத்தில தண்ணி திறக்கிற துருசடியில தொடக்கம், கட்டால நேர போய், கட்டுச் சரிவால கீழ இறங்கி, வாய்க்கால் றோட்டு, பிறகு வண்டில் பாதையால பாலைக்காட்டுக்குள்ள, பேராத்து மணல்ல ஒரு நூறு யார், அங்கால மருதமரத்துக்குக் கீழால திரும்பி மற்றப்பக்கத்தால கட்டில ஏறுறது. ஒரு சுத்து 5 கிலோமீற்றருக்குக் கிட்ட, பெரிய பொடியளுக்கு 3 சுத்து, பெட்டையளுக்கு 2. பெட்டையள் அதுக்கு நல்லாச் சண்டை பிடிச்சவளவை, கடைசியில அவையளுக்கும் 3 எண்டு எழுதினது. சின்னனுகளுக்குக் கட்டில மட்டும்.

புதுப்பாதை ஒண்டும் வெட்டேல்லை. உன்ர மகன் கேட்டவன், ஏன் மாமா நீங்களே மண்ணை வெட்டி வளைவு கட்டலாமே, நாங்கள் லீவு நாளில மண்வெட்டியோட போய் வெட்டுறனாங்கள் எண்டு. என்னத்தைச் சொல்லுறது அவனுக்கு. எங்கட பக்கம் மிதிவெடி எடுத்து முடிச்சு எத்தினையோ வருசம், சிவப்புப் பலகையும் இல்லை, எண்டாலும் மாடும் மெசினும் போய்வந்த தடத்தை விட்டு ஒரு அடி வெளியில விட எனக்கு மனம் வரேல்லை. ஒண்டுக்குப் போறதெண்டாலும் தடத்திலயே நிண்டு போங்கோ எண்டு சொல்லித்தான் அனுப்பினது. பொடியளுக்கு அது பகிடியாக் கிடந்துது. இருக்கட்டும்.

அண்டைக்கு விடிய 5 மணிக்கு ஆனை கலைக்கிற வெடியோட ரெண்டு பேர் சுத்திப் பாத்திட்டு வந்தவை, வாய்க்காலடியில லத்தி சூட்டோட கிடந்துதாம். அதால ஆறரைக்குத் தொடங்க வேண்டியது ஏழரை ஆச்சு. 43 பொடியள், 11 பெட்டையள். பிரதம விருந்தினர் எட்டுக்கு எண்டு சொன்னவர், பதினொண்டேகாலுக்கு மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார், அந்த நேரம் பிள்ளையள் ஓடி முடிச்சு மாதர் சங்கத்தின்ர தேசிக்காய்த் தண்ணியும் முடிஞ்சுது.

நான் அங்க செய்த ஒரே நல்ல காரியம் காத்துத் திறந்து விட்டதுதான். எல்லாரும் ரயரைக் கல்லு மாதிரி அடிச்சுக்கொண்டு வந்தவங்கள், காத்துக் கூட இருந்தால் வேகம் கூட எண்டு நினைப்பு. தார் றோட்டில சரி. கிரவல்ல அது கல்லுக்குக் கல்லு துள்ளும், ஆத்து மணல்ல கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்கும். காத்தைக் குறைச்சால் ரயர் சப்பையா மண்ணைப் பிடிக்கும். பெருவிரலால அமத்திப் பாத்து ஒவ்வொண்டா "ஸ்ஸ்" எண்டு விட விட, பொடியள் நான் அவங்கட ரத்தத்தை எடுக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். ரெண்டு பேர் நான் அங்கால திரும்ப ஒளிச்சுத் திரும்ப அடிச்சவங்கள், ரெண்டு பேரும் பேராத்து மணல்ல குப்புற. ஆனால் அளவுக்கு மிஞ்சிக் குறைச்சாலும் பிழை, வேர் ஒண்டில ஏற றிம்முக்கும் வேருக்கும் நடுவில ரியூப் நசிஞ்சு பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ஓட்டை விழும், பாம்பு கொத்தின மாதிரி. நெருஞ்சி முள்ளுக்கு எந்தக் காத்தும் சரிவராது, அது வேற கணக்கு. அண்டைக்கு மட்டும் நான் 19 ஒட்டுப் போட்டனான், சொலுசன் ரியூப் ரெண்டு முடிஞ்சுது.

காத்து எண்டதும் ஞாபகம் வருது, சோளகம் அந்தமாதிரி அடிச்சுது. கட்டில மேற்க போகேக்க முகத்தில மண்ணை அள்ளி எறியுது, உழக்க உழக்க நிண்ட இடத்தில நிக்கிற மாதிரி, மலை ஏறுறதுக்கு அது குறைஞ்சதில்லை எண்டு அந்தப் பெரியவரே பேந்து ஒத்துக்கொண்டார்.

மச்சான், கட்டில நிண்டு பாத்துக்கொண்டிருக்க எனக்கு என்ன நினைவு வந்ததெண்டால், சண்டைக்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் பற்றறி இல்லாமல் உங்கட வீட்டு முத்தத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சில்லோட முட்டவிட்டு, நீ பெடலைக் கையால சுத்த நான் ரேடியோவில பீபீசி தமிழோசை பிடிக்க, நீ களைச்சுப்போய் மெதுவாச் சுத்தினால் சத்தம் தேய்ஞ்சு போகும், கொப்பர் "சுத்தடா" எண்டு கத்துவார். 98 கடைசியில ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிடேக்க அதே சைக்கிள்ல நெல்லு மூட்டை, பார்ல தங்கச்சி, ஹான்டில்ல கோழி. ரயர் வெடிச்சால் உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டு வெட்டி வைச்சு ஓடினது. அந்தச் சைக்கிள் எங்க போச்சுதெண்டு உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், முள்ளிவாய்க்கால்ல குவிஞ்சு கிடந்ததுக்குள்ள அதும் ஒண்டு. ஒரு சாமானும் ஏத்தாமல், ஒருத்தரையும் ஏத்தாமல், கரியரைக் கழட்டிப் போட்டிட்டு சும்மா சும்மா குளத்தைச் சுத்தி ஓடுறதை நான் உந்தப் பொடியளிட்டத்தான் முதல்முதல் பாத்தனான். முதல் கொஞ்ச நேரம் எனக்கு எரிச்சலாவும் கிடந்துது, ஏனெண்டு கேக்காத.

பொடியள்ல வெண்டது அந்த லுமாலாக்காரன் இல்லை, மூண்டாவதுதான் வந்தவன், அவனுக்கு கியர் இல்லைத்தானே, கட்டு ஏற்றம் ஒவ்வொண்டிலயும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினவன். ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு பெட்டையைப் பற்றி. வலதுகரைப் பிள்ளை, 15 வயசு, அண்ணன்ர சைக்கிள், சீற்றை அடிமட்டும் பதிச்சும் கால் மட்டுமட்டாத்தான் எட்டும். ரெண்டாம் சுத்து முடிய முதலாவதா வந்தவள். மூண்டாம் சுத்தில மருதமரத்தடியில செயின் அறுந்து போட்டுது. நாங்கள் கட்டில நிண்டு பாக்கிறம், ஆளைக் காணேல்லை, பின்னால வந்தவள் முன்னுக்கு வாறாள், இவளைக் காணேல்லை. பேந்து பாத்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வாறாள், கட்டில ஏத்தி, ஏறி இருந்து, ரெண்டு காலாலயும் நிலத்தை உதைச்சு உதைச்சு, சின்னப் பிள்ளையள் பழகிற மாதிரி, அந்தக் காத்துக்குள்ள. நாலாவது. அறுந்த செயினை எறியேல்லை, கழுத்தில மாலை மாதிரிப் போட்டிருந்தவள், சட்டை முழுக்கக் கிறீஸ். நிண்டிட்டு முதல் கேட்டது தண்ணி இல்லை, "மாமா, பரிஸில பஞ்சர் ஆகிப் பிந்திப் போய் வெண்ட ஆளுக்கு ஆர் சில்லு மாத்திக் குடுத்தது?" எண்டு. டொம் பிட்கொக்கைத்தான் கேக்கிறாள். அவருக்கு வழியில ஆக்கள் சில்லோட நிண்டவையடி பிள்ளை எண்டன். "அப்ப எங்களுக்கும் மருதமரத்தடியில ஆள் நிக்கவேணும்" எண்டாள். அது நான்தான் யோசிச்சிருக்கவேணும். துருசடியில கதிரை போட்டு இருந்திட்டன்.

இப்ப நீ கேட்டதுக்கு மறுமொழி. வெண்டவனுக்கு நல்ல மவுண்டன் பைக் ஒண்டு வாங்க நீ காசு அனுப்புறன் எண்டு சொன்னனியெல்லோ, வேண்டாம். கோவிக்காத. ஒருத்தனுக்கு அது வந்தால் அடுத்த வருசம் ஓட்டமே இல்லை, அவன் மட்டும்தான் ஓடுவான், அந்தச் சாமான் பழுதானால் என்னட்டப் பாக்கவும் வழி இல்லை. அந்தக் காசுக்கு முள்ளு வைச்ச ரயர் அனுப்பு, 26 இன்ச், 29 அனுப்பிப்போடாத, இங்க ஒருத்தரிட்டையும் இல்லை. செயினும், செயின் அறுக்கிற ரூலும், ஒட்டுத்துண்டும். முக்கியமா ஹெல்மெட், சைக்கிளுக்கு எண்டு இருக்கிற பாரமில்லாதது, பழசெண்டாலும் வெடிப்பில்லாததாப் பாத்து. இந்தமுறை பாதிப்பேர் அப்பாமாரின்ர மோட்டச்சைக்கிள் ஹெல்மெட்டைக் கொழுவிக்கொண்டு அந்த வெயிலுக்குள்ள ஓடினவங்கள், ஒருத்தன் மயங்கி விழுந்து நாங்கள் கழட்டிப் பாக்க தலை அவிச்ச பனங்கிழங்கு மாதிரி. சின்னத் தலையளுக்கும் சேத்து அனுப்பு.

அந்தப் பெட்டை அடுத்தநாள் பின்னேரம் கடைக்கு வந்தவள், செயின் ஒரு ஷொப்பிங் பையுக்குள்ள. புதுசு போடட்டோ எண்டன், வேண்டாம், இதையே பொருத்தக் காட்டித் தாங்கோ எண்டாள். அம்மியில வைச்சு, ஆணியும் சுத்தியலும் குடுத்து, பின்னை முழுக்க வெளிய தட்டாத, நுனி நிக்கட்டும் எண்டு சொன்னன். ரெண்டு தரம் முழுக்கத் தட்டிப்போட்டாள், பின் தெறிச்சு தையல்மெசினுக்குக் கீழ போட்டுது, நானும் அவளும் தவண்டு தவண்டு தேடினது. மூண்டாந்தரம் சரி. விரல் ஒண்டில அடியும் பட்டுது, சொல்லேல்லை, பெருவிரலை வாயுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டாள்.

மனுசி கூப்பிடுறாள், மாடு அவிட்டுக்கொண்டு போட்டுதாம். பெட்டி போடேக்க என்ர பேரில போடாத, சனசமூக நிலையத்தின்ர பேரில போடு, ஹெல்மெட்டுக்குள்ள ஒட்டுத்துண்டை அடைஞ்சால் இடம் மிச்சம் பிடிக்கலாம்.

உன்ர
குணம்