பெயர் வராதவர்களுக்கு எங்கள் நன்றி

எங்கள் ஆய்வின் கடைசிப் படிவமும் நிரம்பிவிட்டது. கட்டுரை வெளிவரும்போது அதன் தலைப்பின் கீழ் நான்கைந்து வைத்தியர்களின் பெயர்தான் இருக்கும். உண்மையில் இந்த வேலையைத் தூக்கி நிறுத்தியவர்கள் வேறு. அவர்களுக்காக இந்த மடல்.

நாங்கள் கேட்ட கேள்வி சின்னதுதான். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பிறகு பல தாய்மாருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். ஊசி போட்டதும் கீழ்ப்பகுதி இரத்தக்குழாய்கள் விரிந்து, உடலின் நடுவிலுள்ள சூடு கால்களுக்கு இறங்கிவிடுவது அதற்கு முக்கிய காரணம். சேலைனைச் சூடாக்கி ஏற்றினால் நடுக்கம் குறையுமா என்று வெளிநாடுகளில் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வெயிலில் வாழ்ந்து பழகி, இங்கே வந்து ஏசி போட்ட சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் படுக்கும் நம்முடைய தாய்க்கு அது எவ்வளவு உதவும்? அதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதல் நன்றி அந்தத் தாய்மாருக்கு. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், விடுதிக் கட்டிலில் இருந்தபடி நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். “இதால எனக்கு ஏதும் நன்மை இருக்கா?” என்று ஏறாவூர்த் தாய் ஒருவர் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். “சரி, எழுதுங்க டொக்டர். பின்னுக்கு வாற புள்ளைகளுக்கு உதவும்தானே” என்றார். வேண்டாம் என்றவர்களுக்கும் நன்றி. அவர்கள் பயமில்லாமல் மறுத்ததால்தான் மற்றவர்களின் சம்மதத்தை நம்ப முடிகிறது. ஒப்புதல் படிவத்தின் தமிழ் சனங்களுக்கு விளங்காது என்று திருப்பி அனுப்பிய, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்புறம் எங்கள் தியேட்டர். யாருக்குச் சூடான சேலைன், யாருக்குச் சாதாரண சேலைன் என்பதை நாங்கள் விரும்பியபடி தெரிவு செய்யாமல், ஒட்டிய கடித உறைக்குள் இருக்கும் துண்டுதான் தீர்மானிக்க வேண்டும். உறையை லைட்டுக்கு நேரே பிடித்தால் எழுத்துத் தெரிகிறது என்று முதலில் காட்டியவர் எங்கள் சிற்றூழியர் அண்ணன். வெள்ளித்தாள் வாங்கிவந்து, வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அதில் சுற்றி அவரே உறைக்குள் வைத்தார். பெரிய ஆய்வு நிலையங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிறகு சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓரிரவு, நாங்கள் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே இரத்தப்போக்குடன் இன்னொரு தாயைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினோம். மறுநாள் படிவத்தை எடுத்தால், இருபதாம் நிமிட வெப்பநிலைக் கட்டத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருந்தார் தாதி உத்தியோகத்தர். முன்னும் பின்னும் உள்ள எண்களுக்கு நடுவே ஒன்றைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. எங்கள் துறைக்கு இது சாதாரண விஷயமில்லை. ஜப்பானிய மயக்க மருந்து வைத்தியர் யோஷிடாக்கா ஃபுஜியின் 170க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பொய்த் தரவு இருந்ததை 2012இல் அந்நாட்டு மயக்கவியல் சங்கமே விசாரித்து வெளியிட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் பற்றிய அவருடைய எண்களை எத்தனையோ வைத்தியர்கள் நம்பியிருந்தார்கள். தங்கச்சி, நீங்கள் எண் போடாமல் விட்ட அந்தக் கட்டத்தை நான் எல்லா இளம் வைத்தியர்களுக்கும் காட்டுகிறேன்.

எத்தனை தாய்மார் தேவை என்று தொடங்கும் முன்னரே கணக்குப் போட்டுத் தந்து, இடையில் முடிவை எட்டிப்பார்க்க விடாத புள்ளிவிபர விரிவுரையாளருக்கும், முறை மாற்றி டியூட்டி பார்த்த நண்பர்களுக்கும் நன்றி.

பட்டத்துக்காக ஏற்கெனவே பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதே என்று சொல்லித் தந்த என் ஆசிரியரை மறக்க மாட்டேன். இன்று நம் பிரசவ விடுதியில் பிறக்கும் பிள்ளைக்கும், பிறந்தவுடன் அதன் நிலையை மதிப்பிடும் அப்கார் புள்ளி எழுதுகிறோம். 1953இல் அதை வெளியிட்ட வேர்ஜீனியா அப்கார் ஒரு மயக்க மருந்து வைத்தியர் என்பதை முதன்முதலில் அந்த ஆசிரியரின் வாயால்தான் கேட்டேன். பிறந்த பிள்ளையை ஒரு நிமிடம் கவனமாகப் பார்ப்பதற்கு அப்காருக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முடிவு என்ன என்று பலர் கேட்கிறீர்கள். பகுப்பாய்வு நடக்கிறது. வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் அதை அப்படியே எழுதுவோம்.

கல்முனை, அம்பாறை, வாழைச்சேனைத் தியேட்டர்களில் வேலை செய்யும் தம்பி தங்கைமாரே, உங்களிடமும் பதில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கும். எங்கள் தமிழ்ப் படிவம், உறை செய்யும் முறை எல்லாம் தருகிறோம். தியேட்டர் லிஸ்ட் முடிந்த பின்னேரத்தில் வாருங்கள், இருந்து பேசலாம்.

அன்புடன்,
மயக்க மருந்து வைத்தியர் ஒருவர்,
மட்டக்களப்பு