ஜார்ஜ் கீட்டின் கோடு

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்டியில் 1901-இல் பிறந்த ஓவியர் ஜார்ஜ் கீட்டை 'இலங்கையின் பிக்காசோ' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. பக்கவாட்டு முகத்தில் முழுக் கண்ணை வைப்பது, ஒரே உருவைப் பல கோணங்களில் சேர்த்துக் காட்டும் பிக்காசோவின் கியூபிசப் பாணி தந்தது. தோளிலிருந்து இடுப்புவரை தயங்காமல் இறங்கும் கோடு நம் சுவரோவியங்களுக்கு உறவு. 1939-40-இல் கொழும்பு பொரளை கோதமி விகாரையில் அவர் தீட்டிய புத்தர் வரலாற்றையும், தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். 1943-இல் உருவான இலங்கை நவீன ஓவியர்களின் '43 குழு'விலும் அவர் இருந்தார்.

டெல்டாவில் எண்ணெய் வண்ணத்தில் இவரைப் படியெடுத்துப் பழகும் பிள்ளைகள் பலருக்குக் கோடு மசங்கிப்போகிறது. காரணம் அவசரம். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அடிநிறம் சீக்கிரம் காயாது. அதன்மேல் கருப்பு வண்ணத்தில் கோடு இழுத்தால் இரண்டும் கலந்து சாம்பலாகும். அடிநிறத்தை மெல்லிசாகப் பூசி, ஒரு வாரமாவது விட்டு, விரலில் ஒட்டாதபோது இழுக்க வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கை வரவேண்டும். படத்தை வெளிச்சுவரில் ஒட்டி மாட்டினால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

ஞாயிறு இதழில் கீட்டின் ஓவியம் ஒன்றை வண்ணத்தில், பெரிதாக அச்சிடுங்கள். தபால்தலை அளவில் அந்தக் கோடு தெரியாது.

ஓவிய ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்