புகைப்படக்காரரிடம் கேட்பது குறைவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறர் எடுத்த புகைப்படத்தை ஓவியமாகவோ சிற்பமாகவோ மாற்றிவிட்டால் அது புதிய படைப்பாகிவிடும், எடுத்தவரிடம் கேட்க வேண்டியதில்லை என்ற வாதம் கலை உலகில் நெடுங்காலமாக உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆர்ட் ராஜர்ஸ் 1980இல், ஒரு தம்பதியர் எட்டு நாய்க்குட்டிகளை அணைத்தபடி அமர்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்தார். அது அச்சிடப்பட்ட அட்டையை விலைக்கு வாங்கிய அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸ், அதிலிருந்த பதிப்புரிமைக் குறிப்பைக் கிழித்துவிட்டு, அதன்படியே மரத்தில் செதுக்கித் தருமாறு இத்தாலியிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொடுத்தார். குட்டிகளுக்கு நீல வண்ணமும் தம்பதியர் தலையில் பூக்களும் சேர்த்து 1988இல் காட்சிக்கு வந்த அச்சிற்பத்தின் மூன்று பிரதிகள் மொத்தம் 3,67,000 டாலருக்கு விலைபோயின. இது சமூகத்தைப் பற்றிய பகடி என்ற அவருடைய வாதத்தை 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கோ தீர்ப்பைவிட அந்தக் கிழிசல்தான் உறுத்துகிறது. உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதானே கிழிக்கத் தோன்றும்?

புகைப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை, ஒரு முறை மட்டும் பயன்படுத்துவதாகக் கூறி 1984இல் ஓர் இதழ் 400 டாலருக்குப் பெற்றது. அதைக் கொண்டு அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 16 படைப்புகளை உருவாக்கினார். 2016இல் பிரின்ஸ் மறைந்தபோது அவற்றுள் ஒன்று இதழ் அட்டையில் வெளியாக, வார்ஹோல் அறக்கட்டளைக்குப் சுமார் பத்தாயிரம் டாலர் கிடைத்தது. கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தகைய கட்டுப்பாடு கலையை முடக்கும் என்று மாறுபட்ட நீதிபதிகள் இருவரின் அச்சத்தை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸின் படங்களை மறுபடி படமெடுத்த கலைஞர் ஷெர்ரி லெவைன், தலைப்பிலேயே எவன்ஸின் பெயரை வைத்தார். அங்கே விவாதத்துக்கு இடமுண்டு, ஒளிப்பு இல்லை.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பின்னரும் படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமையைப் படைப்பாளிக்கு அளிக்கிறது. ஆகவே, படங்களின் கீழே ‘நன்றி: இணையம்’ என்று அச்சிடும் பழக்கத்தைத் தமிழ் இதழ்கள் கைவிட்டு, எடுத்தவரைத் தேடி அனுமதி பெற்று, அவர் பெயருடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்