மலையகக் குறும்பட இளைஞர்களுக்கு: நம் வீட்டுச் சிரிப்பையும் படமாக்குங்கள்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

2022இல் சிறந்த படத்துக்கான ஒஸ்காரை வென்ற ‘கோடா’வைப் பார்த்திருப்பீர்கள். அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் காது கேட்காது. கேட்கிற ஒரே பிள்ளை ரூபி. விடியுமுன் அப்பாவோடும் அண்ணனோடும் படகேறி மீன்பிடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். டாக்டரிடம் அப்பா அம்மாவின் அந்தரங்க வியாதியை அவளே வாய்விட்டுச் சொல்லவேண்டிய காட்சியில், அவள் நெளிய நெளிய நமக்குச் சிரிப்பு.

நமக்கு இது தெரியாத காட்சியா? டாக்டருக்குத் தமிழ் வராது, அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, சிங்களம் வராது. நடுவில் வெள்ளை யூனிபோமோடு பத்தாம் தரத்துப் பிள்ளை. அம்மாயி வயிற்றுவலியோடு நிறுத்தமாட்டார். பக்கத்து வீட்டுக் காம்பிராச் சண்டையும் சேர்ந்து வரும். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அந்தப் பிள்ளை முழிப்பாளே, அதைப் படமெடுங்கள்! அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலையில். காலையில் தலை பின்னிவிடுவது தாய்மாமன். வாட்ஸ்அப்பில் அம்மா, “வகிடு கோணலா இருக்குடா” என்று அங்கிருந்தே அதட்டுவார். இப்படி எத்தனை வீடு நம் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில்!

ரூபிக்குப் பொஸ்டனில் இசை படிக்க ஆசை. போய்விட்டால் வீட்டுக்காக யார் பேசுவது? நம் பிள்ளைக்குப் பேராதனை கெம்பஸ் கிடைத்தால் அம்மாயியின் கிளினிக்குக்கு யார் கூடப் போவது? கதையின் முடிச்சே இதுதான்.

‘கோடா’வும் 2014இல் வந்த பிரெஞ்சுப் படமொன்றின் மறு ஆக்கம்தான். அங்கே மாட்டுப் பண்ணை, இங்கே மீன்படகு. ஆனால் பெரிய மாற்றம் வேறு: பிரெஞ்சில் பெற்றோராக நடித்தவர்கள் காது கேட்பவர்கள். அமெரிக்கப் படத்தில் காது கேளாதவர்களே நடித்தார்கள். அப்பாவாக வந்த ட்ரோய் கொட்சர், நடிப்புக்கு ஒஸ்கார் பெற்ற முதல் காது கேளாத ஆண்.

ஆகவே, கொழுந்து பறிக்கும் பாத்திரத்துக்குக் கொழுந்து பறிக்கிற அக்காவையே கேளுங்கள். சென்னைத் தமிழ் வேண்டாம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்தில் பேசுகிற பேச்சு போதும். நம் துயரத்தைச் சொன்ன படங்கள் பொய்யில்லை, அவையும் வேண்டும். ஆனால் அழுகிற முகத்தை மட்டுமே திரையில் பார்த்து வளரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

கதையை எழுதத் தொடங்குங்கள். அம்மாயியாக நடிக்க எங்கள் தோட்டத்திலேயே ஆள் இருக்கிறார். ஒத்திகைக்கு அவரைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

அன்புடன்,
ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா