மயில் மீனைச் சுவத்துல மாட்டணும்னா அதைக் கொல்லணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர் பொறந்தா போதும், நம்ம மொரீஷியஸ்ல ரிவியேர் நுவார் பக்கம் ஜெட்டியில மீனை வாலைக் கட்டித் தலைகீழா தொங்கவிட்டு பக்கத்துல டூரிஸ்ட் நின்னு போட்டோ எடுத்துக்கறது ஆரம்பிச்சிடும். அந்த மாதிரி போட்டோ உங்க பேப்பர்லயும் வருது, அதான் எழுதறேன். மார்லின், டூனா பத்தி இப்ப பேச வரல, செயில்ஃபிஷ்னு சொல்ற மயில் மீனைப் பத்தி மட்டும் சொல்லிக்கறேன். சாப்பாட்டுக்குன்னு பிடிக்கறவங்க மேலயும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஞாபகத்துக்காக, வீட்டு ஹால்ல மாட்டறதுக்காக ஒரு மயில் மீன் சாகுது பாருங்க, அது தேவையே இல்லாத சாவு.

என் மச்சான் டூரிஸ்டை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போற சார்ட்டர் போட்ல வேலை பாக்கறான், அவன் கூட போய் நானே கண்ணால பாத்திருக்கேன். மயில் மீன் உயிரோட போட் ஓரம் வரும்போது உடம்பு பூரா நீலமா மின்னும், பக்கவாட்டுல வெளிர்நீலப் புள்ளிங்க கோர்த்த மாதிரி சுமார் 20 வரி மேலேருந்து கீழ ஓடும், முதுகுத் துடுப்பை விரிச்சா கருநீலத்துல கரும்புள்ளி. செத்த கொஞ்ச நேரத்துல அத்தனையும் போயி சாம்பலும் பழுப்புமா கெடக்கும். தோல்ல இருக்கற நிறச் செல்லுங்களை மீனோட நரம்புதான் ஆட்டி வைக்குது, உயிர் போனா கலரும் போச்சு. அதனால செத்த மீனோட தோலை உரிச்சு பதம் பண்ணி மாட்டினாலும் சுவத்துல நீங்க பாக்கற கலர் பூரா பெயிண்ட்தான்! அதுலயும் தோல்ல மிச்சம் இருக்கற எண்ணெய் வருஷக்கணக்கா கசியும், பெயிண்ட் மஞ்சள் அடிக்கும், துடுப்பு ஓரம் வெடிச்சு பிஞ்சி வரும். ஃப்ளோரிடால இதெல்லாம் பாத்துட்டுத்தான் ரொம்ப நாளாவே பெரிய மீனுக்கெல்லாம் ஃபைபர்கிளாஸ்ல ரெப்ளிகா, அதாவது அச்சு அசலா அதே மாதிரி உருவம், செஞ்சு குடுக்கறாங்க.

அதுக்கு மீன் தேவையில்ல, அளவு போதும். கீழ்த்தாடை நுனியில இருந்து வால் கவை வரைக்கும் ஒரு நீளம் (மேல நீட்டிக்கிட்டு இருக்கற மூக்கைக் கணக்குல எடுக்க மாட்டாங்க, அது ஒடஞ்சும் இருக்கலாம்), உடம்போட தடிமனான இடத்துல ஒரு சுற்றளவு, ரெண்டு மூணு நல்ல போட்டோ. அங்குலத்துல சுற்றளவை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 800ஆல வகுத்தா எடை எத்தனை பவுண்டுன்னு ஏறக்குறைய வந்துடும், தராசுல தொங்கவிட வேண்டிய அவசியமே இல்ல. முடிச்சு போட்ட கயிறு ஒண்ணு இருந்தா மீனைத் தண்ணிக்குள்ளயே வச்சு அளந்துடலாம். அப்புறம் கையுறை போட்டுக்கிட்டு மூக்கைப் பிடிச்சு, போட்டை மெதுவா ஓட்டினா செவுள் வழியா தண்ணி ஓடி மீனுக்குத் தெம்பு வரும், அதுவா உதறும்போது விட்டுட வேண்டியதுதான். முனை உள்பக்கமா வளைஞ்ச வட்டத் தூண்டில் போட்டிருந்தா பெரும்பாலும் வாயோரத்துலதான் மாட்டும், வயித்துக்குள்ள போறது ரொம்பக் குறைவு.

நான் க்யூர்பிப்ல கப்பல் மாடல் பட்டறையில வேலை பாத்தவன். பிளானைப் பாத்து பலகை பலகையா ஒட்டி, நூல் முறுக்கி, பாய்த் துணிய டீ தண்ணியில நனைச்சு பழசு மாதிரி ஆக்கி செஞ்ச கைங்க இந்தத் தீவுல எத்தனையோ இருக்கு, இப்ப ஆர்டர் இல்லாம பல பேர் ஹோட்டல் வேலைக்குப் போயிட்டாங்க. இன்னொரு பக்கம் பிரோக்குக்கு, அதான் நம்ம ஊர் சின்ன மீன்பிடி படகுக்கு, ஃபைபர் போடற பசங்களுக்கு மோல்டு, ரெசின் எல்லாம் தண்ணி பட்ட பாடு. இந்த ரெண்டு கையும் சேர்ந்தா மயில் மீன் ரெப்ளிகா இங்கயே செய்யலாம், இது ஆசையில சொல்றது இல்ல, அக்கா பையனும் நானும் ஒண்ணு செஞ்சு முடிச்சிருக்கோம். உடம்பு கஷ்டமே இல்ல, மோல்டு ரெண்டு பாதியும் சேர்ற தையல் கோட்டைத் தேச்சு மறைச்சா ஆச்சு. முதுகுத் துடுப்புதான் உயிரை வாங்கும். தடியா போட்டா பலகை மாதிரி நிக்கும், மெல்லிசா போட்டா வளையும், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சா வெளிச்சம் ஊடுருவணும், முள்ளு ஒவ்வொண்ணும் தெரியணும். கலர் முதல்ல வெள்ளை, வயித்துக்கு முத்து வெள்ளி, அப்புறம் முதுகுலேருந்து நீலத்தை ஏர்பிரஷ்ல இறக்கி, அந்த வரிங்களை போட்டோவைப் பாத்து ஒவ்வொண்ணா போட்டு, மேல வார்னிஷ். ஒண்ணு முக்கியம், ரெசின் ஆவியும் ஃபைபர் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாம எந்தப் பையனையும் இந்த வேலையில விடக்கூடாது.

போட்ல வேலை செய்யறவங்க வயித்துல அடிக்கறியான்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி. நம்ம ஊர் வழக்கப்படி மீன் போட்டுக்குச் சொந்தம், வித்தா புகை போடறதுக்குப் போகும், அதுல கூலியோட நாலு காசு கூட வரும். ஃப்ளோரிடால ரெப்ளிகா ஆர்டர் பிடிச்சுக் குடுக்கற ஸ்கிப்பருக்கும் அவரோட ஆளுங்களுக்கும் கமிஷன் உண்டு, இங்கயும் அப்படி வச்சா விட்ட மீன்லயும் காசு வரும். காவடி நோன்பு சரியா சீசன் நடுவுலதான் வருது, காப்புக் கட்டின நம்ம பசங்க அந்த நாள்ல மீனைக் குத்தித் தூக்க மனசு வராம தவிக்கறாங்க, பொழப்புக்காகச் செய்யறாங்க. அவங்களுக்கும் இது ஒரு வழி.

இந்தியப் பெருங்கடல்ல மயில் மீன் பெரும்பாலும் பெரிய செவுள் வலைங்கள்ல மாட்டித்தான் போகுது, டூரிஸ்ட் தூண்டில்ல சாகறது கொஞ்சம்தான்னு எனக்கும் தெரியும். மொரீஷியஸும் உறுப்பினரா இருக்கற இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2018லயே மயில் மீனுக்கு வருஷத்துக்கு 25,000 டன்னுன்னு வரம்பு வச்சாங்க, 60 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சதை வச்சிக்கக்கூடாதுன்னும் சொன்னாங்க. வலைக்காரங்களை நான் தடுக்க முடியாது, ஆனா நம்ம ஜெட்டியில நடக்கறது நம்ம கையில இருக்கு.

தொழிற்பயிற்சி குடுக்கற எம்ஐடிடில இதுக்கு ஒரு கோர்ஸ் ஆரம்பிக்கணும், ஃபைபர் வேலையும் ஏர்பிரஷும் சேர்த்து. ஹோட்டல்காரங்க லாபில மாட்டறதுக்கு முதல் ஆர்டரை நம்ம பசங்களுக்கே குடுக்கட்டும். நீங்களும் தலைகீழா தொங்கற மீன் போட்டோவுக்குப் பதிலா, தண்ணியில விடறப்ப எடுத்த போட்டோவை நீளம், சுற்றளவோட போடுங்க, போட் பேரையும் பெருசா போடுங்க. பேர் பேப்பர்ல வருதுன்னு தெரிஞ்சா ஸ்கிப்பருங்க தாங்களே அளவு கயிறு வாங்கி வச்சிப்பாங்க.

இப்படிக்கு,
கப்பல் மாடல் தொழிலாளி ஒருத்தர், க்யூர்பிப்