ஸ்டேப்ஸ் ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஓட்டோஸ்கிளிரோசிஸ், அதாவது ஒலியை உள்காதுக்குக் கடத்தும் ஸ்டேப்ஸ் என்ற அங்கவடி எலும்பு இறுகிப்போகும் நோய், என்று தெரிந்து உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவர்களிடம் "தொண்ணூறு சதவீதம் சக்சஸ்" என்கிறீர்கள். பொய் இல்லை. 1956இல் அமெரிக்க டாக்டர் ஜான் ஷே, இறுகிப்போன அங்கவடி எலும்பை எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்ததை வைத்தார், அன்றிலிருந்து எத்தனையோ பேருக்குக் காது திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தொண்ணூறு எதை அளக்கிறது என்று எங்களிடம் யாரும் சொல்வதில்லை.

காதுத் துளை வழியாகக் கேட்கும் காற்றுவழிக் கேட்புக்கும், மண்டை எலும்பின் அதிர்வாக நேரே உள்காதுக்குப் போகும் எலும்புவழிக் கேட்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி 10 டெசிபலுக்குள் வந்தால் உங்கள் கணக்கில் வெற்றி. சரி, நோய் உள்காதையும் தொட்டு எலும்புவழிக் கேட்பே 45 டெசிபலில்தான் தொடங்கினால்? இடைவெளி முழுக்க மூடினாலும் காது ஏறக்குறைய அங்கேதான் நிற்கும், காது மிஷின் வேண்டியிருக்கும். என் அக்காவுக்கு இதுதான் நடந்தது. ரிப்போர்ட்டில் வெற்றி, அவளோ ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று மாதக்கணக்கில் அழுதாள். முன்பே தெரிந்திருந்தாலும் செய்துகொண்டிருப்பாள், ஏனென்றால் முன்பு பெரிய மிஷின் வைத்தும் புரியாத பேச்சு இப்போது சின்ன மிஷினிலேயே புரிகிறது. ஆடியோகிராம் என்ற கேட்புச் சோதனை வரைபடத்தில் விரலை வைத்து "இதுவரைதான் வரும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அப்புறம், எல்லார் காதும் ஒன்றில்லை. அங்கவடியின் அடித்தட்டு தடித்து, உள்காதுக்கு ஒலி போகும் சன்னலையே அடைத்திருக்கலாம், முகநரம்பு குறுக்கே தொங்கலாம். இரண்டாம் முறை திறக்கிற காதில், அங்கவடிக்குப் பதிலாக வைத்த பிஸ்டன் நழுவியோ அது மாட்டியிருக்கும் பட்டடை எலும்பு அரித்தோ போயிருந்தால், பலன் முதல் முறை அளவுக்கு வராது. அப்போதும் அதே தொண்ணூறைச் சொல்வது நியாயமா? செய்கிற கையின் அனுபவமும் பலனை மாற்றுகிறது. ஆகவே புத்தகத்தின் கணக்கு வேண்டாம், உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். ஆபரேஷனை நீங்களே செய்கிறீர்களா, பயிற்சியில் இருப்பவர் செய்கிறாரா என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள்.

நூறில் ஏறக்குறைய ஒருவருக்கு அந்தக் காது அடியோடு போய்விடும் என்பதைக் கையெழுத்து வாங்கும் தாளில் சின்ன எழுத்தில் ஒளிக்காதீர்கள். மறு காதும் மோசமாக இருப்பவருக்கு அந்த ஒன்று மிகப் பெரியது. மிஷினோடு இருப்பதும் சரியான வழிதான் என்று அவரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கடைசியாக ஒன்று. கட்டுப் பிரித்த சில வாரத்தில் எடுக்கும் ஆடியோகிராமோடு கோப்பை மூடிவிடாதீர்கள். ஒரு வருடம் கழித்துக் கூப்பிடுங்கள், 4000 ஹெர்ட்ஸையும் பாருங்கள், ஆபரேஷனில் உள்காதுக்கு அடிபட்டால் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். பேச்சு புரிகிறதா என்றும் சோதியுங்கள், அந்தத் தாளை எங்கள் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள்.