வாட்ச்சில் வரும் எண்ணும் பிபி மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஏரோபிக் உடற்பயிற்சி (மூச்சும் நாடியும் கூடும்படி தொடர்ந்து செய்யும் நடை, ஓட்டம் போன்றவை) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட வேக நடையை எடுத்துப் போட்டது நல்ல காரியம். ஆனால் 220-இல் வயதைக் கழித்து, வருவதை உச்ச நாடித்துடிப்பாக வைத்து, அதில் 70 சதவீதத்துக்கு நாடித்துடிப்பைக் கொண்டுவரச் சொல்லி எல்லோருக்கும் ஒரே கணக்கைப் போட்டதுதான் இடிக்கிறது.

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குக் காலையில் வந்து பாருங்கள். என் வயதுக்காரர்கள் பலர் கையில் ஸ்மார்ட் வாட்ச். கூட நடக்கும் நண்பருக்கு 60 வயது. அந்தக் கணக்குப்படி 160-இல் 70 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 112 துடிப்பு. "112 வரணும் சார், 95-லயே நிக்குது" என்று ஓட்டமும் நடையுமாகப் போவார்; மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். பிபிக்கு அவர் சாப்பிடுவது மெட்டோப்ரோலால். அந்த வகை மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை. அப்புறம் எப்படி 112 வரும்? அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கக் கிளம்பிவிடவும் கூடாது. மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கும் இந்த 220 கணக்கு உத்தேசம்தான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும்.

வாட்ச் இல்லாமலே வேகத்தைப் பார்க்கலாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் அது கடும் பயிற்சி, புதிதாகத் தொடங்குபவருக்கு ஆகாது. (அரசியல் பேசியபடி சுற்றி வருபவர்கள் கச்சேரியே செய்யலாம். அவர்கள் கொஞ்சம் வேகம் கூட்டட்டும்.)

சர்க்கரைக்காரர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் நடந்தால் லோ சுகர் ஆகலாம், அதாவது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். நடந்ததால் வந்த வியர்வை என்று விட்டுவிடுவார்கள். பலர் பையில் வைத்திருப்பது கடலை மிட்டாய். அதில் எண்ணெய்ச்சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ் பொடியோ வெறும் சர்க்கரையோதான் சரி.

நடை முடிந்ததும் சட்டென்று உட்காராமல் ஐந்து நிமிடம் மெல்ல நடக்கச் சொன்னது மிகச் சரி.

அடுத்த இதழில் ஓர் இதய மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை சாப்பிடுபவர்களுக்கென்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். படிக்கப் போவது எங்கள் வயதுக்காரர்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோவை